ரைடிங் மோவர் முன்சக்கரம்: புஷ், பேரிங், ஸ்பிண்டில் – நீண்ட ஓட்டத்தில் எது தாங்குகிறது

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியான ரைடிங் மோவரின் முன்சக்கரம் லொடலொடவென்று ஆட ஆரம்பித்தால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: புதுப் புஷ் (சக்கரத்தின் நடுத்துளையில் செருகும் சிறு குழல்) வாங்கிப் போடுவது. சில வாரம் நன்றாக ஓடும், மறுபடி ஆடும். பழி புஷ்ஷின் மேல் விழும். உண்மையில் கெட்டிருப்பது பல நேரம் ஸ்பிண்டில், அதாவது சக்கரம் மாட்டியிருக்கும் தண்டு. பல பருவங்கள் பயன்படுத்தியதில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: ஸ்பிண்டிலை அளக்காமல் எந்த உதிரிப் பாகமும் வாங்கக் கூடாது.

காரணம் எளிது. ஸ்பிண்டில் சுழலாது, சக்கரம்தான் அதன் மேல் சுழல்கிறது. வண்டியின் எடை ஸ்பிண்டிலின் அடிப்பக்கம் வழியாகவே சக்கரத்தில் இறங்குகிறது. அதனால் புஷ் சுற்றிலும் ஒரே சீராகத் தேயும். ஸ்பிண்டிலோ அடிப்பக்கம் மட்டும் தேயும். மேலிருந்து பார்த்தால் பளபளவென்று புதிது போலவே இருக்கும். விரலை அடியில் ஓட்டிப் பார்த்தால்தான் பள்ளம் தெரியும். பிளாஸ்டிக் புஷ் மென்மையானது, இரும்பை எப்படித் தேய்க்கும் என்று தோன்றலாம். மணல் துகள்கள் அந்த மென்மையான பரப்பில் பதிந்துகொண்டு எமரித் தாள் மாதிரி வேலை செய்கின்றன. புல்வெட்டும் வண்டி நாள் முழுக்கத் தூசியில் ஓடுவது. கிரீஸ் வற்றிய ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) இது வேகமாக நடக்கும்.

வீட்டு உபயோக மோவர்களில் பரவலாக இருக்கும் முன் டயர் 15×6.00-6. அதாவது 15 அங்குல உயரம், 6 அங்குல அகலம், 6 அங்குல ரிம். இவற்றில் ஸ்பிண்டில் பெரும்பாலும் முக்கால் அங்குலம், 19.05 மி.மீ. ஹப்பின் இரு முனையிலும் விளிம்பு வைத்த புஷ் ஒவ்வொன்று. அதன் வெளிவிட்டம் பல மாடல்களில் 1 3/8 அங்குலம், ஏறக்குறைய 34.9 மி.மீ. எல்லா வண்டியிலும் இதே அளவு இருக்காது, ஆகவே கழற்றி அளந்த பிறகே வாங்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. முன்பக்கத்தைத் தூக்கிய பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஸ்பிண்டில் அசையாமல் ஹப் மட்டும் அசைந்தால் கோளாறு புஷ்ஷிலோ ஸ்பிண்டிலிலோ. ஸ்பிண்டிலும் சேர்ந்தே அசைந்தால், அச்சுக்குள் நிற்கும் கிங் பின்னின் (ஸ்டீயரிங்கோடு திரும்பும் செங்குத்துத் தண்டு) புஷ் தேய்ந்திருக்கிறது. பிறகு பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள். அதில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடு (சக்கரங்களைத் திருப்பும் கம்பி) முனைகளைப் பாருங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனை தேவையில்லாத செலவைத் தவிர்க்கும்.

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். பிரேக் போட்டு, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். முன் அச்சு நடுவில் ஒரு பின்னில் தொங்குவதால், ஒரு முனையில் ஜாக்கி வைத்தால் அச்சு சாய்ந்துகொண்டே போகும். தூக்கியதும் ஸ்டாண்டு வைப்பது கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.

தூசி மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே ஈ-கிளிப்போ (E வடிவப் பிடிப்பு வளையம்) காட்டர் பின்னோ (துளையில் செருகி விரிக்கும் கம்பி ஊசி) இருக்கும். ஈ-கிளிப் தெறித்துப் பறக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, மேலே ஒரு துணியைப் பிடித்தபடி ஸ்க்ரூ டிரைவரால் தள்ளுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று படம் எடுத்து வைப்பது நல்லது. சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் மரக்கட்டையை ஹப்பின் மேல் வைத்துத் தட்டலாம். ரிம்மைத் தட்டினால் வளையும். காற்று அடைத்த டயரோடு தீ காட்டவே கூடாது, டயர் வெடிக்கும்.

இப்போது ஸ்பிண்டில். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் துடைத்து, 320 எண் எமரித் தாளால் லேசாகத் துருவை எடுத்து, வெர்னியரால் அளக்க வேண்டும். புஷ் உட்காரும் இரண்டு இடங்களிலும் மேல்கீழாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஸ்பிண்டிலின் நடுப்பகுதி தேயாமல் இருக்கும், அதையே மூல அளவாகக் கொள்ளுங்கள். வித்தியாசம் 0.2 மி.மீ.க்குள் என்றால் புஷ் மாற்றினால் போதும். 0.5 மி.மீ. தாண்டிவிட்டால் என் கணிப்பில் புதுப் புஷ் வீண். ஸ்பிண்டிலை மாற்ற வேண்டும், அல்லது வெல்டிங்கில் உலோகம் ஏற்றி லேத்தில் மூல அளவுக்குக் கடைய வேண்டும். வெல்டு ஏற்றியபின் கையால் ராவி உருட்டுவது வேலைக்கு ஆகாது. மேடு பள்ளம் புதுப் புஷ்ஷைச் சீக்கிரமே தின்றுவிடும்.

பழைய புஷ்ஷை எதிர்ப்பக்கத்திலிருந்து நீளக் கம்பி விட்டு, இடம் மாற்றி மாற்றித் தட்டினால் வெளியே வரும். அதற்கு முன் கிரீஸ் நிப்பிளைக் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) கழற்றிவிடுங்கள். அதன் வால் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் கம்பி பட்டு உடையும். புதியதைச் சுத்தியலால் அடித்து இறக்குவதைவிட, நீளமான திருகுக் கம்பி, இரண்டு தடித்த வாஷர், இரண்டு நட்டு வைத்து இறுக்கி இழுப்பது மேல். கோணாமல் நேராக இறங்கும்.

எதைப் போடுவது? பிளாஸ்டிக் புஷ் மலிவு, மாற்றுவது சுலபம். கிரீஸ் தவறாமல் வைப்பவருக்கு, சமதளப் புல்வெளியில், அதுவே போதுமானது. எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ் எடையை நன்றாகத் தாங்கும், வடிவம் கெடாது, ஆனால் மணல் புகுந்தால் அதுவும் ஸ்பிண்டிலை அரிக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்த பேரிங்கே நீண்ட ஓட்டத்தில் என் தேர்வு. ஸ்பிண்டில் மேல் உரசல் குறைகிறது, ஸ்டீயரிங் லேசாகிறது. விளிம்பு வைத்த பேரிங்குகள் இதே முக்கால் அங்குலம், 1 3/8 அங்குலம் அளவில் கிடைக்கின்றன.

பேரிங்கில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. வெளிப்பக்கம் போடும் வாஷர் பேரிங்கின் உள்வளையத்தை மட்டுமே தொட வேண்டும். அகலமான வாஷர் சீலில் உரசிக் கிழிக்கும். பேரிங்கின் விளிம்பு பழைய புஷ்ஷின் விளிம்பைவிடத் தடிமனாக இருந்தால் ஈ-கிளிப்பின் பள்ளம் மறைந்துபோகும், வாங்கும்போதே அளவு ஒப்பிடுங்கள். மூன்றாவது கிரீஸ் கன். பழக்கத்தில் நிப்பிளில் அழுத்தினால் ஹப் நிறைந்து, அழுத்தம் சீலை வெளியே தள்ளிவிடும். பேரிங்குக்கு மாறியபின் ஸ்பிண்டில் மேல் மெல்லிய கிரீஸ் பூச்சு மட்டும் போதும். அது இல்லாவிட்டால் உள்வளையம் துருவேறி ஸ்பிண்டிலோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்த நீரை ஹப் மேல் நேராக அடிப்பதும் சீலுக்குக் கேடு.

சில ரிம்களில் புஷ் ஹப்புக்குள்ளேயே சுழன்று துளையைப் பெரிதாக்கியிருக்கும். புதுப் புஷ் விரலால் தள்ளினாலே உள்ளே போனால் அதுதான் அறிகுறி. தளர்வு மிகச் சிறியதாக இருந்தால் பேரிங் ஒட்டும் பசை பிடிக்கும்; இரு பரப்பும் எண்ணெய்ப் பசையில்லாமல் இருக்க வேண்டும். பஞ்ச் எனும் கூர் உளியால் குத்திப் புள்ளி வைத்து இறுக்குவது சில நாள் வித்தை. தளர்வு கண்ணுக்கே தெரிந்தால் ரிம் மாற்றுவதுதான் வழி.

சக்கரத்தை மாட்டும்போது உள்ளும் புறமுமாக அரை முதல் ஒரு மி.மீ. வரை இடைவெளி இருக்கட்டும். அதிகம் இருந்தால் மெல்லிய வாஷர் சேர்த்துச் சரிசெய்யலாம், முழுக்க இறுக்கினால் சூடாகும். ஈ-கிளிப் ஒருமுறை விரிந்துவிட்டால் புதிது போடுங்கள். பள்ளத்தில் உட்காராத பழைய கிளிப் ஓடும்போது கழன்றால் சக்கரமும் கழன்றுவிடும்.

டயரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முன் டயருக்குப் பல மாடல்களில் 12 முதல் 15 பி.எஸ்.ஐ.; உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. இடது, வலது வேறுபட்டால் பிளேடு இருக்கும் அடிப்பகுதியான டெக் சாய்ந்து, புல் ஒரு பக்கம் குட்டையாக விழும். ரிம் விளிம்புத் துருவால் மெதுவாகக் காற்று இறங்கினால் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம், அல்லது அதே அளவு ட்யூப் போடலாம். பக்கச் சுவரில் ஆழமான வெடிப்பு இருந்தால் ட்யூப் போட்டும் பயனில்லை.

புஷ் போட்டவர்கள் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, புழுதி அதிகமென்றால் இன்னும் சீக்கிரமாக, நிப்பிளைத் துடைத்துவிட்டுப் பழைய கறுத்த கிரீஸ் வெளியே வரும்வரை புதியதை அழுத்துங்கள். கெட்டித்தன்மை எண் 2 உள்ள லித்தியம் கிரீஸ் இதற்குப் பொருத்தம். துடைக்காமல் கன்னை மாட்டினால் நிப்பிள் மேலிருக்கும் மணலும் கிரீஸோடு ஹப்புக்குள் போகும்.