களஞ்சியத்தின் கணக்கிலிருந்து தொடங்கும் ஒரு வகுப்பு: பண்டைய எகிப்தும் மெசபடோமியாவும்

சென்னையில் வரலாற்று வகுப்புகளுக்கு இப்போது பஞ்சமில்லை. கல்வெட்டு வாசிப்பு, கோயில் கட்டடக் கலை, பழைய காசுகள் என்று வார இறுதிதோறும் ஏதேனும் ஓர் அரங்கில் ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயினும் நம் நாட்டு எல்லைக்கு அப்பாற்பட்ட பழைய நாகரிகங்களைத் தமிழிலேயே, பொது வாசகர்களுக்காக, முறையாகக் கற்பிக்கும் முயற்சிகள் மிகக் குறைவு. மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில், சனிக்கிழமை மாலைகளில், ஆறு அமர்வுகளாக நடந்து முடிந்த ‘எகிப்திலும் மெசபடோமியாவிலும் சமயம்’ என்னும் வகுப்பு அத்தகைய முயற்சி என்பதாலேயே அதைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன். கட்டணம் 1,500 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. கொடுத்த பணத்திற்குத் தகுதியானதா என்றால், முதல் நான்கு அமர்வுகளை வைத்துத் தயங்காமல் ஆம் என்பேன். கடைசி இரண்டைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு.

நடத்தியவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை. சமயம் என்றதும் கடவுளரின் பெயர்ப் பட்டியலை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முதல் நாளே ஏமாற்றம் காத்திருந்தது. ஓசிரிஸும் இஷ்தாரும் அன்று தலைகாட்டவே இல்லை. மாறாக, மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கின் தென்பகுதியில், இருந்த ஊருக் நகரத்தின் ஏயன்னா கோயில் வளாகத்தில் கிடைத்த களிமண் பலகைகளிலிருந்து அவர் தொடங்கினார். கி.மு. 3300 வாக்கில் எழுதப்படத் தொடங்கிய அப்பலகைகளில் மிகப் பெரும்பாலானவை துதிப்பாடல்களோ புராணங்களோ அல்ல. வந்த பார்லி எவ்வளவு, வேலையாட்களுக்கு அளந்தது எவ்வளவு, மந்தையில் ஆடுகள் எத்தனை என்னும் கணக்குகள். ஒரு சமுதாயத்தில் சமயத்தின் இடம் என்ன என்று அறிய வேண்டுமானால், அங்கே தானியத்தை யார் சேர்த்தார்கள், யார் பங்கிட்டார்கள், அந்தக் களஞ்சியத்தின் மீது யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பதே அவருடைய அணுகுமுறை. ஆறு அமர்வுகளையும் ஓரளவுக்கேனும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது இந்தக் கேள்விதான்.

அன்று ஒவ்வொருவருக்கும் கொசப்பேட்டையிலிருந்து வரவழைத்த களிமண்ணில் ஓர் உருண்டையும், முனையைச் சரிவாகச் சீவிய ஐஸ்கிரீம் குச்சி ஒன்றும் கொடுக்கப்பட்டன. உருண்டையை உள்ளங்கை அளவுக்குத் தட்டையாக்கி, பார்லியைக் குறிக்கும் குறியையும் எண்களையும் அழுத்திப் பதிக்க வேண்டும். மண்ணில் ஈரம் சற்றுக் கூடினால் பதித்த குறி தானே மூடிக்கொள்கிறது. சற்றுக் காய்ந்துவிட்டாலோ விளிம்பு வெடிக்கிறது. கோயில் எழுத்தர் ஒருவருக்கு எவ்வளவு பயிற்சி வேண்டியிருந்திருக்கும் என்பதை எந்தப் படமும் இவ்வளவு தெளிவாக உணர்த்தியிருக்காது. பிள்ளையார் சதுர்த்திக்குச் சிலை செய்யும் மண் என்று தெரிந்ததும் எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த பெரியவர் கணக்கை விட்டுவிட்டுத் தும்பிக்கை வைக்கத் தொடங்கிவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் அமர்வு கோயிலின் அன்றாட வழிபாட்டைப் பற்றியது. எகிப்தில் விடியற்காலையில் அர்ச்சகர் கருவறையின் முத்திரையை உடைத்துக் கதவைத் திறக்கிறார். கடவுளின் திருமேனியைத் தூய்மை செய்து, ஆடை அணிவித்து, நறுமணத் தைலம் பூசி, உணவு படைக்கிறார். வெளியே வரும்போது துடைப்பத்தால் தன் காலடித் தடங்களைப் பெருக்கியபடியே வருகிறார். அபைடோஸில் மன்னன் முதலாம் சேத்தி கட்டிய கோயிலின் சுவர்களில் இச்சடங்குகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மெசபடோமியாவிலும் இதுவே நிலை. அலெக்சாண்டருக்குப் பின் ஆண்ட கிரேக்க மரபினரான செலூக்கிய மன்னர் காலத்தைச் சேர்ந்த ஊருக் பலகை ஒன்று, அந்நகரக் கடவுளருக்குக் காலையில் இரண்டும் மாலையில் இரண்டுமாக நாளொன்றுக்கு நான்கு வேளை உணவு படைக்க வேண்டும் என்று விதிக்கிறது. படைத்த உணவு இரு நாடுகளிலும் பின்னர் மனிதர்களுக்கே வந்து சேர்ந்தது. கோயில் பணியாளர்களின் வருவாயில் அதுவும் ஒரு பகுதி. கபாலீசுவரர் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் அமர்ந்திருந்த எங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. சாதாரண எகிப்தியர் கருவறையை நெருங்கவே முடியாது, கர்னக்கிலிருந்து லக்சருக்கு அமூன் எழுந்தருளும் ஓபெத் திருவிழாவைப் போன்ற நாட்களில் வீதியில்தான் கடவுளுக்கு அருகே வர முடியும் என்றபோது அரங்கில் பலர் தலையசைத்தார்கள்.

வகுப்பின் உச்சம் மூன்றாம் அமர்வு. எகிப்தின் மன்னன் ஹோரஸ் என்னும் கடவுளின் வடிவம், ரே என்னும் சூரியக் கடவுளின் மகன்; உலகின் ஒழுங்காகிய மாஅத்தை நிலைநிறுத்துவது அவன் கடமை. கோயில்களில் படைப்பவனாக எங்கும் செதுக்கப்பட்டிருப்பவன் அவன்தான். அர்ச்சகர்கள் அவனுக்குப் பதிலாக நின்று பணி செய்பவர்கள் மட்டுமே. மெசபடோமியாவில் மன்னன் பெரும்பாலும் கடவுளின் பணியாள், கடவுளுக்குச் சொந்தமான நகரத்தைக் கவனித்துக்கொள்ளும் காரியக்காரன். இந்த வேறுபாட்டை வெறும் வாக்கியமாகச் சொல்லிக் கடந்துவிடாமல், பாபிலோனின் அகீத்து என்னும் புத்தாண்டு விழாவை அவர் விரித்துரைத்தார். அவ்விழாவில் தலைமை அர்ச்சகர் மன்னனின் செங்கோலையும் முடியையும் வாங்கி வைத்துவிட்டு, அவன் கன்னத்தில் அறைந்து, காதைப் பிடித்து இழுத்து, பாபிலோனின் தலைமைக் கடவுளாகிய மர்துக்கின் முன் மண்டியிடச் செய்வார். தான் நகரத்துக்குத் தீங்கு எதுவும் செய்யவில்லை என்று மன்னன் அறிக்கையிட வேண்டும். பிறகு அவனுடைய சின்னங்கள் திருப்பித் தரப்படும். மீண்டும் ஓர் அறை விழும். அப்போது அவன் கண்ணில் நீர் வந்தால் மர்துக் மகிழ்ந்திருக்கிறார் என்று பொருள். எகிப்தின் மன்னனாகிய பார்வோன் மீது எவராவது அப்படிக் கைநீட்டியிருக்க முடியுமா என்று அவர் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார்.

அவருடைய நேர்மைக்கு ஒன்று சொல்ல வேண்டும். எகிப்தில் கடவுள், மெசபடோமியாவில் ஊழியன் என்று இரண்டாகப் பிரித்து முடித்துவிடுவது எளிது. அவர் அப்படி முடிக்கவில்லை. அக்காத் மன்னன் நராம்சின் தன் பெயருக்கு முன் கடவுளுக்குரிய குறியை இட்டுக்கொண்டதையும், மெசபடோமியாவில் ‘ஊர்’ என்னும் பெயருடைய நகரத்தை ஆண்ட ஷுல்கி தன்னைக் கடவுளாக்கிக்கொண்டதையும் எடுத்துக்காட்டினார். அகீத்துச் சடங்கை நமக்குச் சொல்லும் பலகைகள் மிகப் பிற்காலத்தவை என்றும், அதை மெசபடோமியாவின் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் நீட்டிவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். சுமேரிய, அதாவது தென் மெசபடோமிய, நகரங்களின் நிலம் முழுவதும் கோயிலுக்கே சொந்தம் என்று ஆன்டன் டைமெல் ஒரு காலத்தில் முன்வைத்த கருத்து, இகோர் டியாகொனோஃப் முதலிய அறிஞர்களின் ஆய்வுக்குப் பின் கைவிடப்பட்டதையும் மறைக்கவில்லை. கட்டண வகுப்புகளில் இந்த அடக்கம் அரிது.

கேள்வி நேரத்தில் அறநிலையத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்து, “மேடம், அந்தக் கோயில்களின் வரவுசெலவை யார் தணிக்கை செய்தார்கள்?” என்றார். அரங்கமே சிரித்தது, ஆனால் அன்று கேட்கப்பட்டவற்றில் சிறந்த கேள்வி அதுதான். அதற்குக் கிடைத்த விடை ஒரு தனி அமர்வுக்கு ஈடானது. கி.மு. 21ஆம் நூற்றாண்டில் ஊர் நகரத்தின் மூன்றாம் அரச மரபினர் கோயில் சொத்துகளையும் தங்கள் ஆளுநர்களின் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். எகிப்திலோ மன்னன் இரண்டாம் பெப்பி, கோப்தோஸில் இருந்த, மின் என்னும் கடவுளின் கோயிலின் ஆட்களை அரசின் கட்டாய வேலையிலிருந்து விலக்கி ஆணை பிறப்பித்தான். ஓரிடத்தில் அரசு கோயிலுக்குள் நுழைகிறது; மற்றோரிடத்தில் அரசே தன் கையைக் கட்டிக்கொள்கிறது. இவற்றுக்கும் முன்பு, கி.மு. 2350 வாக்கில், சுமேரிய நகரமான லகாஷை ஆண்ட உருகாகினாவின் கல்வெட்டு, கடவுளின் எருதுகள் ஆட்சியாளனின் வெங்காயப் பாத்திகளை உழுதன என்று தனக்கு முந்தைய ஆட்சியைக் குற்றம் சாட்டுகிறது. கேள்வி கேட்டவர் முகத்தில் பழக்கப்பட்ட ஒரு புன்னகை தெரிந்தது.

நான்காம் அமர்வில் கேட்ட வேலைநிறுத்தக் கதையும் நினைவில் நிற்கிறது. எகிப்திய மன்னன் மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1157 வாக்கில், அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தேர் எல்மெதீனா என்னும் ஊரின் தொழிலாளர்கள், தானியக் கூலி வராததால் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களுக்கு அருகே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அதே மன்னன் கோயில்களுக்கு வாரி வழங்கிய கொடைகளைப் பட்டியலிடும் பாப்பிரஸ் என்னும் நாணல் தாள் சுருளின் நீளம் ஏறத்தாழ 41 மீட்டர். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டியதே போதுமானதாக இருந்தது, விளக்கவுரை தேவைப்படவில்லை.

இனி மனக்குறைகள். ஐந்தாம் அமர்வு முழுவதும் ஆறுகளைப் பற்றியது. நைல் கோடையின் இறுதியில் ஒழுங்காகப் பெருகி வண்டல் தந்து வடிந்தது, ஆகவே எகிப்தியரின் கடவுளர் கருணை மிக்கவர்கள். டைகிரிஸும் யூப்ரடீஸும் பயிர் முற்றி நிற்கும் வசந்த காலத்தில் வெள்ளமாக வந்து அழித்தன, ஆகவே மெசபடோமியரின் கடவுளர் சினம் மிக்கவர்கள் என்பது வாதம். வெள்ளம் வரும் பருவத்தைப் பற்றிய தகவல் சரியே. அதிலிருந்து ஒரு மக்களின் மனநிலையை அப்படியே வடித்தெடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. நைல் பொய்த்த காலங்களும் உண்டு. எகிப்தின் மொஅல்லாவில் உள்ள, அன்க்திஃபி என்னும் வட்டார ஆட்சியாளரின் கல்லறை எழுத்துகள் கொடும் பஞ்சத்தைப் பேசுகின்றன. அப்போதும் எகிப்தியர் தம் கடவுளரை மாற்றிக்கொள்ளவில்லை. முதல் நான்கு வாரமும் சான்றைக் கேட்டுக் கேட்டுப் பேசியவர் இங்கே மட்டும் ஏன் கயிற்றைத் தளர்த்தினார் என்பது எனக்கு விளங்கவில்லை.

இறப்பைப் பற்றிய கடைசி அமர்வு அவசரத்தில் ஓடியது. உனாஸ் மன்னனின் பிரமிடில் கி.மு. 2350 வாக்கில் அரசனுக்கு மட்டும் உரியதாகச் செதுக்கப்பட்ட மந்திரங்கள், பின்னர் அதிகாரிகளின் சவப்பெட்டிகளுக்கும், அதற்குப் பின்னர் விலைக்கு வாங்கும் பாப்பிரஸ் சுருள்களுக்கும் இறங்கி வந்ததை நன்றாகவே சொன்னார். வாடகை ஒப்பந்தப் படிவத்தைப் போல, வாங்குபவரின் பெயருக்கு இடம் விட்டு முன்கூட்டியே எழுதி வைத்த சுருள்கள் இருந்தன என்பது பலருக்குப் புதிய செய்தி. இதயத்தை மாஅத்தின் இறகோடு வைத்து எடைபோடும் தீர்ப்புக் காட்சியும் வந்தது. ஆனால் மெசபடோமியரின் பாதாள உலகம், புழுதியே உணவாகும் இருண்ட இடம், அங்கே எகிப்தைப் போன்ற தீர்ப்பு கிடையாது என்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை. உருகாகினா அடக்கச் செலவைக் குறைத்த செய்தி இந்த இடத்துக்கு அவ்வளவு பொருத்தமானது. ஒரு பிணத்தை அடக்கம் செய்வதற்கு 7 குடம் பீரும் 420 அப்பங்களும் வாங்கிவந்ததை 3 குடமும் 80 அப்பங்களுமாக அவன் குறைத்தான். எளிய மனிதருக்குச் சமயம் எவ்வளவு செலவு வைத்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எது? முதல் நாளின் கேள்விக்கு இங்கே விடை இருந்தும் அதை எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

நம் ஊர்ச் சான்றுகளை அறவே தொடாததும் ஒரு குறையே. ஒப்பிடுவது இரண்டு நாகரிகங்களைத்தான், மூன்றாவதற்கு இடமில்லை என்று அமைப்பாளர்கள் சொல்லக்கூடும். எனினும் ஹம்முராபி காலத்து பாபிலோனியாவில் தானியக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கும் வெள்ளிக் கடனுக்கு ஐந்தில் ஒரு பங்கும் வட்டி என்றும், சிப்பாரின் ஷமாஷ் கோயிலும் கடன் கொடுத்தது என்றும் சொல்லும்போது, தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஊர்ச் சபைகளுக்குக் கொடுத்த பணத்துக்குக் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, வட்டி பேசப்படுவதை ஒரு வரியில் நினைவூட்டியிருக்கலாம். இறந்தோரைப் பற்றிப் பேசும் அமர்வை எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே நடத்தியிருக்கலாம். ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொருள்கள் அங்கே இருக்கும்போது, அரங்கில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் மம்மிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது வீணாகத் தோன்றியது.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரங்கம் தூய்மையானது, குளிரூட்டப்பட்டது; ஒலிபெருக்கி மட்டும் பின்வரிசைக்கு எட்டவில்லை. அச்சிட்டுத் தரும் தமிழ்க் குறிப்பேடு நன்றாக இருக்கிறது. காலவரிசை அட்டவணையில் இரு நாடுகளின் ஆண்டுகளையும் பக்கம் பக்கமாக வைத்திருப்பது மிகவும் பயன்பட்டது. நிலப்படம்தான் படிக்க முடியாத அளவுக்குச் சிறியது. மெட்ரோ பணிகளால் லஸ் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதைவிடப் பறக்கும் ரயிலில் வந்து இறங்குவது மேல். முதியவர்களுக்குப் படி ஏறுவது கடினம், மின்தூக்கி இல்லை. ஒளிப்பதிவு தரப்படுவதில்லை, எனவே ஒரு வாரம் தவறினால் தவறியதுதான். தனி அமர்வுக்கு 300 ரூபாய் என்றும் சேரலாம். அடுத்த முறை நடக்கும்போது முழுக் கட்டணம் கட்டத் தயங்குபவர்கள் மூன்றாவதையும் நான்காவதையும் மட்டும் தேர்ந்துகொள்ளலாம். களிமண் வேண்டுமானால் முதலாவதையும்.