பழைய காரில் மெயின் ஃபியூஸ் போனால்: அதே மாதிரி ஃபியூஸா, மிடி ஹோல்டரா, செம்புக் கம்பியா?

எங்கள் வீட்டில் ஓடுவது 2003 மாடல் பெட்ரோல் செடான். பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்த வண்டி. காங்கேயத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில் பேட்டரி இறங்கிப்போக, உதவிக்கு வந்தவர் ஜம்பர் கேபிளை மாற்றி மாட்டிவிட்டார். 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு வண்டிக்குள் விளக்குகூட எரியவில்லை. பேட்டரிக்கும் வண்டியின் மற்ற ஒயர்களுக்கும் நடுவே நிற்கும் மெயின் ஃபியூஸ் போவதற்கு இது ரொம்பவே சாதாரணமான காரணம். பிளஸும் மைனஸும் மாறினால் ஆல்டர்னேட்டருக்குள் (பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பது) இருக்கும், ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடும் டயோடுகள் நேராகக் கடத்த ஆரம்பித்துவிடும். நடுவே நிற்கும் 80 ஆம்பியர் ஃபியூஸ் உருகினால்தான் அவை பிழைக்கும். பிழைத்தன.

இனி என்ன போடுவது என்று கேட்டால், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதே மாதிரி புது ஃபியூஸ் வாங்கிப் போடு, வெளியே தனியாக மிடி ஹோல்டர் (போல்ட்டில் உட்காரும் பட்டை ஃபியூஸுக்கான கூடு) வைத்துவிடு, ஃபியூசிபிள் லிங்க் ஒயர் (ஃபியூஸ் மாதிரி அறுந்து காக்கும் ஒயர்) போடு, கம்பியைச் சுற்றி ஓட்டு என்று நாலு வழி. நான் எடுத்தது முதல் வழி. என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கம்பி. தோட்டத்து மோட்டார் ரூமில் ஃபியூஸ் கட்டைக்குக் கம்பி சுற்றிப் பழகிய கை நம் பக்கத்துக் கை. "ஒரு இழை செம்பு சுத்தி விட்டா கோயமுத்தூர் போய்ச் சேந்தரலாங்க" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், கணக்கு ஏறக்குறைய சரியாகவே வரும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வெறும் செம்புக் கம்பி, காற்றோட்டமான இடத்தில் 80 ஆம்பியர் வாக்கில் உருகும். ஆனால் ரோட்டோரத்தில் யார் தடிமனை அளக்கிறார்கள்? அதுவே இரண்டு மில்லிமீட்டராக இருந்தால் தாங்குவது 160 அல்ல, 225 ஆம்பியர். மேலும் செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். அதுவரை அது பிளாஸ்டிக் ஃபியூஸ் பெட்டிக்குள் சிவந்துகொண்டே இருக்கும். எங்கள் வண்டியில் இருப்பது போலத் திருகி மாட்டும் மெயின் ஃபியூஸில் செம்புப் பட்டையின் நடுவே ஒரு வெள்ளீயப் பொட்டு வைத்திருப்பார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிச் செம்புக்குள் கரைந்து, பட்டையை முன்கூட்டியே அறுத்துவிடும். கம்பிக்கு அந்த வித்தை தெரியாது. காங்கேயத்திலிருந்து கோவைக்குப் பஸ் இருக்கிறது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

ஃபியூசிபிள் லிங்க் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. உறவினரின் பழைய ஜீப்பில் பார்த்ததோடு சரி. காக்கவேண்டிய ஒயரைவிட நாலு கேஜ் (ஒயர் தடிமனுக்கான எண்) மெலிந்த ஒரு துண்டு ஒயர். தீப்பிடிக்காமல் பொங்கி வீங்கும் உறை. உள்ளே அறுந்திருந்தாலும் வெளியே நன்றாகவே தெரியும். பிடித்து இழுத்தால் நீண்டு கொடுக்கும், அதுதான் சோதனை. அந்த உறையோடு கூடிய அசல் லிங்க் ஒயரை நான் கேட்ட கடைகளில் எடுத்துக் கொடுக்கவில்லை. மெலிந்த சாதா ஒயரைத்தான் நீட்டினார்கள். உங்கள் வண்டியில் முதலிலேயே லிங்க் இருந்தால் இந்த அலசல் உங்களுக்குப் பாதிதான் உதவும். (ஆரம்பகால அம்பாசிடர்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. மொத்த வண்டிக்கும் இரண்டு ஃபியூஸ், மெயின் என்று ஒன்றும் இல்லை. அது நல்லதா என்பது வேறு பேச்சு.)

ஆக, நிஜமான போட்டி அதே மாதிரி ஃபியூஸுக்கும் மிடி ஹோல்டருக்கும்தான்.

மிடி என்பது இரண்டு போல்ட்டில் உட்காரும் சின்னப் பட்டை ஃபியூஸ். 30 முதல் 200 ஆம்பியர் வரை வரும், ஐந்து மில்லிமீட்டர் போல்ட். அதன் அண்ணன் மெகா, எட்டு மில்லிமீட்டர் போல்ட், 500 ஆம்பியர் வரை போகும். கார் ஆடியோ கடைகளில் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் ஏ.என்.எல். இன்னொரு வகை. மிடியும் மெகாவும் 32 வோல்ட்டுக்குச் செய்தவை, ஆகவே 24 வோல்ட் லாரிக்கும் அதேதான். நாமக்கல் பாடி கட்டும் பட்டறைப் பக்கமும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிப் பட்டறைப் பக்கமும் இதெல்லாம் புழங்கும் சரக்கு. எங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னதும் இதைத்தான்: "அந்தப் பழைய பெட்டிய விடுங்க. வெளிய ஒரு ஹோல்டர் வெச்சர்லாம். அடுத்த தடவ போனா நீங்களே ஒரு ஸ்பேனர்ல மாத்திக்கலாங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. விலை, கிடைக்கும் சுலபம், மாற்றும் சுலபம் மூன்றிலும் மிடிதான் மேல். அப்புறம் ஏன் நான் அதை எடுக்கவில்லை என்றால், காரணம் ஒன்றே ஒன்று: ஜாயிண்ட்.

பழைய வண்டியில் மெயின் ஃபியூஸ் தொல்லை பாதிக்கு மேல் ஃபியூஸின் தொல்லையே அல்ல, அது திருகி உட்காரும் இடத்தின் தொல்லை. இருபது வருஷ வெயில், மழை, பேட்டரி ஆவி எல்லாம் சேர்ந்து அந்த முகத்தில் ஒரு படலம் கட்டியிருக்கும். கண்ணுக்கு லேசான பழுப்பு, அவ்வளவுதான். அந்தப் படலம் ஓம் கணக்கில் 0.005 என்று வையுங்கள். ஹெட்லைட், ஏ.சி. புளோயர், பின்கண்ணாடி டிஃபாகர் எல்லாம் போட்டால் 40 ஆம்பியர் ஓடும். அந்த ஒரு இடத்தில் மட்டும் 0.2 வோல்ட் தொலையும், எட்டு வாட் சூடாகும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், இஞ்சின் சூட்டுக்கு நடுவே, சித்திரை மாசத்து ஈரோட்டு வெயிலில் எட்டு வாட்.

அந்தச் சூடு எங்கே போகும்? நேராக ஃபியூஸுக்குள். ஃபியூஸ் என்பதே சூட்டில் அறுவதற்குச் செய்தது. அதன் மேல் எழுதிய ஆம்பியர், சாதாரண அறைச் சூட்டுக்கு எழுதியது. அங்கேயும் தொடர்ந்து ஓட்ட முக்கால் பங்குதான் கணக்கு. பக்கத்திலேயே அடுப்பு எரிந்தால் 80 ஆம்பியர் ஃபியூஸ் 80-ஐப் பார்க்காமலே போய்விடும். இங்கேதான் பட்டறையில் அந்த வசனம் வரும்: "எம்பது நிக்க மாட்டேங்குதுங்க, நூறு போட்டர்லாம்." நூறு நிற்கும். ஜாயிண்ட் இன்னும் சூடாகும், பெட்டி உருகும், கடைசியில் 80-க்கென்று கம்பெனி போட்ட ஒயர் வேகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதும் இதே வழியாகத்தான். ஜாயிண்டில் வோல்ட் தொலைந்தால் பேட்டரிக்கு முழுச் சார்ஜ் போகாது. பேட்டரியை மாற்றி, ஆல்டர்னேட்டரைக் கழற்றி வைண்டிங் பார்த்து, இன்னும் காலையில் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது என்று புலம்பும் பழைய கார்களில் முதலில் இந்தத் திருகைப் பார்க்கலாம்.

சரி, இதில் மிடி எப்படித் தோற்கிறது? எங்கள் வண்டியில் மெயின் ஃபியூஸுக்கு இரண்டே ஜாயிண்ட்: பேட்டரியிலிருந்து வரும் லக் (கேபிள் முனையில் நசுக்கிப் பொருத்திய வளையம்) ஒரு பக்கம், பெட்டியின் பட்டை மறுபக்கம். மிடி ஹோல்டர் வைத்தால் கேபிளை வெட்டவேண்டும். இரண்டு புது லக், இரண்டு கிரிம்ப் (லக்கை ஒயரோடு நசுக்கும் இடம்), இரண்டு போல்ட். அதோடு போகுமா? மற்ற ஃபியூஸ்களுக்குப் பிரியும் பட்டை பழைய பெட்டிக்குள்தான் இருக்கிறது, ஆகவே பழைய இடத்தில் ஃபியூஸுக்குப் பதில் ஒரு செம்புப் பட்டை திருகவேண்டும். படலம் கட்டிய அதே முகம் அப்படியே இருக்கிறது, மேலே நாலு ஜாயிண்ட் கூடுகிறது. நோயை வீட்டில் வைத்துக்கொண்டு வாசலில் புதுக் கதவு போட்ட மாதிரி.

வேண்டுமென்றே ஒன்று செய்து பார்த்தேன். புது ஃபியூஸைச் சுத்தம் செய்யாத முகத்தில் அப்படியே திருகி, இஞ்சினை அணைத்து, சாவியை ஆன் செய்து, எல்லா லோடும் போட்டு, லக்கிலிருந்து பெட்டிப் பட்டை வரை மல்டிமீட்டரை வைத்தேன். 0.2-க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. கழற்றி முகத்தைத் துடைத்துத் திரும்பத் திருகினால் 0.06 பக்கம் வந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் ஃபியூஸ் தானாகவே எடுத்துக்கொள்வது. இதைவிடக் குறைத்து ஒன்றும் சாதிக்க முடியாது.

கழற்றும் விஷயத்தில் ஒரு வார்த்தை. பேட்டரி மைனஸை முதலில் எடுக்கவேண்டும், இது தெரிந்ததுதான். தெரியாதது அந்த இரண்டு ஸ்டார் திருகுகள். ஜப்பானிய வண்டிகளின் ஸ்டார் தலை, நாம் பொதுவாக வைத்திருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாக உட்காராது. முனை அடியைத் தொடாமல் நின்று, அழுத்தித் திருப்பினால் தலையை மழுக்கிவிடும். ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) என்று கேட்டு வாங்கும் டிரைவர் 'நச்'சென்று உட்காரும். முகத்தைத் துடைக்க 400 நம்பர் எமரி போதும். பளபளவென்று செம்பு தெரியும்வரை தேய்த்தால் மேல் முலாம் போய்விடும். பழுப்பு நீங்கினால் நிறுத்திவிடலாம். எங்கள் வண்டியில் யாரோ எப்போதோ லக்குக்கும் ஃபியூஸுக்கும் நடுவே ஒரு இரும்பு வாஷரைச் சொருகியிருந்தார்கள். வாஷர் திருகின் தலைக்கு அடியில் இருக்கவேண்டியது. நடுவே வைத்தால் கரண்ட் இரும்பு வழியாகப் போகும், செம்பைவிடப் பல மடங்கு தடை. திருகி முடித்தபின் மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. முன்னால் அல்ல.

வாங்குவது பற்றி. கம்பெனி பார்ட்ஸ் கவுண்டரில் ஆர்டர் போட்டுக் காத்திருக்கவேண்டும். சில மாடலுக்கு நாள் ஆகும். ஸ்பேர் கடைகளில் உடனே கிடைப்பதில் டூப்ளிகேட்டும் கலந்திருக்கிறது. கண்ணாடி மூடி வழியாகப் பாருங்கள்: நான் பார்த்த ஒன்றில் 80 என்று அழகாக அச்சடித்திருந்தது, உள்ளே வெள்ளீயப் பொட்டே இல்லாமல் தடிமனான வெறும் பட்டை. அது எப்போது உருகும் என்று செய்தவருக்கே தெரிந்திருக்காது. உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைகளில் பிரித்த வண்டியின் ஃபியூஸும் கிடைக்கும், ஆனால் எத்தனை தடவை சூடேறி இளைத்தது என்று தெரியாத பட்டையை நான் வாங்கமாட்டேன். பெட்டியை வேண்டுமானால் அங்கே தேடலாம். உருகாத, பழுக்காத முழுப் பெட்டி ஒயர் வாலோடு கிடைத்தால் அது நல்ல சரக்கு.

அப்படிப் பெட்டியும் கிடைக்காமல், உங்களுடையது உருகியும் போயிருந்தால் மிடிக்குப் போவதில் தப்பில்லை. அப்போது என் வாதம் செல்லாது, ஏனென்றால் காப்பாற்ற நல்ல ஜாயிண்டே மிச்சமில்லை. பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஹோல்டர் இருக்கட்டும்; அந்தச் சாண் ஒயருக்குக் காவல் கிடையாது. 80 ஆம்பியருக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். லக்கை சுத்தியலால் தட்டவோ கட்டிங் பிளேயரால் நசுக்கவோ விடாதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்பர் வைத்திருக்கும் லாரி எலக்ட்ரீஷியனிடமோ பம்ப் பேனல் கட்டுபவரிடமோ கொடுங்கள், கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. பேனல் கடையில் அலுமினிய லக்கும் விற்கும். செம்பு ஒயருக்கு முலாம் பூசிய செம்பு லக் என்று கேட்டு வாங்கவேண்டும். கொஞ்ச நாள் ஓடியபின் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்து, அதே மல்டிமீட்டர் சோதனையையும் செய்துவிடுங்கள்.

விற்கும்போது என்ன ஆகும் என்று சிலர் கேட்டார்கள். இந்த வயசு வண்டிக்கு ஃபியூஸ் பார்த்து யாரும் விலை பேசப்போவதில்லை. ஆனால் பானட்டைத் திறந்ததும் டேப் சுற்றிய புது ஒயர் தெரிந்தால் வாங்குகிறவர் அடுத்த கேள்வி கேட்பார், அது மட்டும் உண்மை.

டீசல் வண்டிகளில் குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குவது) லோடும் சேரும். நான் செய்தது பெட்ரோல் வண்டியில், ஆகவே மேலே சொன்ன 0.06 உங்கள் மீட்டரில் வேறாக வரலாம். எதைப் போட்டாலும், போட்டவுடன் வண்டியை ஸ்டார்ட் செய்து பேட்டரியில் 14 வோல்ட் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். கேபிள் மாறிப் போன ஃபியூஸ் என்றால் டயோடும் அடிபட்டிருக்கலாம். உபரி ஃபியூஸ் ஒன்று டேஷ்போர்டில் கிடக்கட்டும், கூடவே அந்த ஜே.ஐ.எஸ். டிரைவரும்.