பயணக் கால்சட்டைக்கு எந்தத் துணி: பருத்தியா, மெரினோவா, நைலானா?

பயணத்துக்கென்றே கால்சட்டை தைத்து விற்கும் எங்கள் சிறு குழு, நைலானோடு, ரப்பர்போல நீண்டு சுருங்கும் ஸ்பான்டெக்ஸ் இழையைச் சிறிது கலந்த நெசவுத் துணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நானும் அந்தக் கட்சிதான், ஆகவே இங்கே நடுநிலைத் தீர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம். மூன்று துணிகளிலும் ஒரே வெட்டில் மாதிரிகள் தைத்து வழக்கமான வாடிக்கையாளர்களிடம் கொடுத்தோம். பயணத்தில் அணிந்து, கையால் துவைத்து, பிறகு வந்து சொல்லச் சொன்னோம்.

பருத்தியின் மென்மையும் காற்றோட்டமும் ஊரறிந்தவை. அது கசங்கும், கனக்கும் என்பதும் அப்படியே. பாலியெஸ்டரை மாதிரிக்கு முன்பே ஒதுக்கிவிட்டோம். தண்ணீரை அநேகமாக உறிஞ்சாத அந்த இழை, உடம்பின் எண்ணெய்ப் பசையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் வியர்வை வாடை துவைத்த பிறகும் எட்டிப் பார்க்கும். கால்சட்டையில் அது அவ்வளவு பெரிய குறையா என்று கேட்டால், இல்லை என்று வாதிடவும் இடமுண்டு.

மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளியை அப்படித் தள்ளிவிட முடியாது. 18 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனை ஒட்டிய மெல்லிய இழை தோலை உறுத்தாது. காற்றிலிருந்து தன் எடையில் சுமார் 16 சதவீத ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் உலர்ந்ததுபோலவே இருக்கும். நாட்கணக்கில் அணிந்தாலும் வாடை அடிப்பதில்லை. பனியனுக்கும் காலுறைக்கும் நானே அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் கால்சட்டை படும் பாடு வேறு. பஸ் இருக்கையிலும் பாறையிலும் தேய்கிறது. நடக்கும்போது உள்தொடை ஒன்றோடொன்று உரசுகிறது. கம்பளி இழை நனைந்தால் வலுவும் குறையும். மாதிரி அணிந்தவர்களில் நிறைய நடப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் காட்டினார்கள்: தொடையின் உட்புறம், தையலுக்குச் சற்றுக் கீழே, சிறு சிறு உருண்டைகளாகத் திரண்ட நூல். சிலருக்கு அங்கே துணியே மெலிந்துவிட்டிருந்தது. வீட்டில் மடித்து வைத்தால் பூச்சி அரிக்கும் என்ற கவலை வேறு.

ஆனாலும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது துணி எவ்வளவு காலம் உழைக்கும் என்பது அல்ல, உலர்வு. இரவில் அறையின் குழாயடியில் அலசிப் போட்டால் காலையில் அணிய முடிகிறதா? பையில் இரண்டே கால்சட்டையோடு கிளம்புகிறவருக்கு மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நைலான் 4 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். உண்மையில் இந்த எண்ணைவிடத் துணியின் கனம்தான் முக்கியம். துவைத்த துணியில் பெரும்பாலான தண்ணீர் நூல்களுக்கு இடையில்தான் தங்குகிறது. சதுர மீட்டருக்கு 150 கிராம் நைலானில் வலுவான கால்சட்டை தைத்துவிடலாம். அதே உழைப்பைப் பருத்தியில் பெற வேண்டுமானால் அதைவிட மிகக் கனத்த துணிக்குப் போக வேண்டும், கனத்தோடு தண்ணீரும் ஏறும். ஜீன்ஸ் துணி 400 கிராமைத் தொடும். அதைத் துவைத்துவிட்டுக் காலையில் கிளம்ப நினைப்பவரை நான் இதுவரை கண்டதில்லை.

இந்த இடத்தில்தான் வாடிக்கையாளர் பேச்சு எங்களுக்குப் பெரிதும் உதவியது. நைலான் மாதிரியைப் பற்றியும் 'சீக்கிரம் காயவில்லை' என்ற புகார் வந்தது. எங்கே காயவில்லை என்று திருப்பிக் கேட்டோம். கால் பகுதி காய்ந்துவிட்டது, உள்ளே பை ஈரமாக இருக்கிறது, கைக்குட்டையை வைத்தால் நனைகிறது என்றார் ஒருவர். இடுப்புப் பட்டி சில்லென்று முதுகில் ஒட்டுகிறது என்றார் இன்னொருவர். வெளித்துணி நைலான்தான், பாக்கெட்டின் உள்துணியோ வழக்கம்போலப் பருத்திக் கலப்பு. பட்டிக்குள் விறைப்புக்காக வைத்த கேன்வாஸ், பெல்ட் பட்டை தைக்கும் இடத்தில் மடிப்பின்மேல் மடிப்பு. உள்துணியை வலைத்துணியாக மாற்றினோம், பின்பக்கக் கேன்வாஸை எடுத்துவிட்டு அங்கே எலாஸ்டிக் வைத்தோம். அதன் பிறகு அந்தப் புகார் வரவில்லை. உட்கார்ந்தால் போன் தொடையில் குத்துகிறது என்ற குறைக்காக ஜிப் பாக்கெட்டைச் சற்றுப் பின்னால் நகர்த்தியதும் இப்படித்தான்.

கருத்தை எப்போது கேட்கிறோம் என்பதும் முடிவையே மாற்றுகிறது. கையில் வாங்கித் தடவிப் பார்த்த அன்று கேட்டால் பருத்தி ஜெயிக்கும். ஒரு வாரம் அணிந்த பிறகு மெரினோ. துவைத்துக் காயப்போட்ட பிறகு நைலான். அணிந்து பார்த்ததுமே நீட்டப்படும் கருத்துப் படிவங்களை அதனால்தான் நான் அதிகம் நம்புவதில்லை.

நைலானிடமும் குறைகள் உண்டு. புழுக்கமான நடுப்பகலில் பருத்தியின் சுகம் அதில் கிடைக்காது. வியர்த்தால் தொடையில் ஒட்டும். நடக்கும்போது சரசரவென்று மெல்லிய ஓசை வரும், சிலருக்கு அதுவே எரிச்சல். துவைக்கும்போது உதிரும் நுண்ணிழைகள் மட்காதவை. அதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. உறைபனி இடங்களைப் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன். மாதிரி அணிந்தவர்களில் அங்கே போனவர்கள் மிகக் குறைவு, போனவர்களும் உள்ளே மெரினோ உள்ளாடை அணிந்திருந்தார்கள். அந்தக் கதகதப்பில் நைலானுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஸ்பான்டெக்ஸ் எத்தனை வருடம் நெகிழ்வோடு இருக்கும் என்பதும் எங்கள் அனுபவத்துக்கு இன்னும் எட்டவில்லை. சூடும் குளோரினும் அதற்கு ஆகாது. எனவே வெப்ப உலர்த்தியில் போட வேண்டாம், நீச்சல் குளத்தில் நனைத்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள் என்று உள்பக்கச் சீட்டில் அச்சிட்டிருக்கிறோம்.