கழுவாத பயோடீசலும் 47,800 ரூபாயும்: ஆயில் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பொரித்து முடித்த எண்ணெயிலிருந்து வீட்டிலேயே பயோடீசல் தயாரிக்கலாம், அதைக் கழுவாமலேயே என்ஜினில் ஊற்றலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் இந்தப் பதிவை ஒருமுறை படித்துவிடுங்கள். பழுது பார்த்ததற்கான கடைசித் தவணையை நேற்று மாலைதான் கொடுத்துவிட்டு வந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்தம் 47,800 ரூபாய் போயிருக்கிறது: உபகரணத்துக்கு 32,000, ‘சுத்திகரிப்புத் தூள்’ என்ற பெயரில் வாங்கிய வெள்ளை மாவுக்கு 4,500, என்ஜினைச் சரிசெய்ய 11,300. நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் வாடிய கரும்பு இந்தக் கணக்கில் சேரவில்லை. எங்கே ஏமாந்தேன் என்பதையும், என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் விரிவாக எழுதுகிறேன்.

மேலூர்ப் பக்கம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பொங்கலுக்கு வெட்டும் செங்கரும்பு போட்டிருக்கிறோம். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் எங்கள் மடைக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறோம், ஆகவே 5 குதிரைத்திறன் ஆயில் என்ஜின்தான் எங்களுக்குக் கதி. டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு முறை தண்ணீர் பாய்ச்சும்போதும் கை நடுங்குகிறது. மதுரையில் பலகாரக் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், பொரித்து முடித்த எண்ணெயை மாதம் 60 லிட்டருக்குக் குறையாமல் ஒதுக்குகிறார். “மச்சான், இதிலிருந்து டீசல் எடுக்கச் சொல்லித் தருகிறார்களாம்” என்று அந்த விளம்பரத்தை என் கைப்பேசிக்கு அனுப்பியவரும் அவர்தான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தது நான்.

சுற்றுச்சாலையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, ஒருநாள் பயிற்சியும் உபகரணமும் சேர்த்து விற்கும் இடம் அது. அங்கே சொல்லிக் கொடுத்த அடிப்படை வேதியியலில் தவறு எதுவும் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணெயைச் சுமார் 55 டிகிரிக்குச் சூடாக்கி, காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலை எண்ணெயின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு ஊற்றிக் கலக்கினால், கனமான கிளிசரின் அடியில் தங்கும், பயோடீசல் மேலே நிற்கும். இதுவரை எல்லாம் சரி. ஆனால் மேலே நிற்கும் அந்தத் திரவத்தில் சோப்பு, மிச்ச மெத்தனால், மிச்சக் காஸ்டிக், கண்ணுக்குத் தெரியாத அளவில் கிளிசரின் எல்லாம் கரைந்து கிடக்கும். அவற்றை வெளியேற்றத்தான் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ஆகவே நேரடியாகவே கேட்டேன்: “இதைக் கழுவ வேண்டாமா?”

நான் விழுந்த இடம் இதுதான். பயிற்சி கொடுத்த மனிதர் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். தேன் நிறத்தில், துளி கலங்கல் இல்லாமல் இருந்தது. குப்பிக்குப் பின்னால் அன்றைய நாளிதழை வைத்து, “வாசித்துப் பாருங்கள் அண்ணே” என்றார். எழுத்துக்கள் தெளிவாகத் தெரிந்தன. “கழுவுவது பழைய முறை அண்ணே. எங்கள் தூளைப் போட்டு ஒரு மணி நேரம் கலக்கி வடிகட்டினால் சோப்பெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு போய்விடும். தண்ணீரும் வேண்டாம், கழிவும் வேண்டாம்” என்று சொல்லி, அதே எண்ணெயைச் சிறிய ஜெனரேட்டர் ஒன்றில் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டியும் காட்டினார். தண்ணீரில்லாமல் சுத்திகரிக்கும் முறை உண்மையிலேயே இருக்கிறது. மெக்னீசியம் சிலிகேட் தூளையோ அதற்கென்று செய்த பிசினையோ வைத்துச் செய்வார்கள். அதையும் நான் படித்திருந்ததுதான் வினையாகிப் போனது. அரைகுறையாகத் தெரிந்தவனை ஏமாற்றுவது எளிது போலும்.

அங்கே யாரும் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மெத்தனால் கலந்திருக்கும் வரை சோப்பு கரைந்தே இருக்கும், திரவம் கண்ணாடி போலத்தான் தெரியும். மெத்தனால் ஆவியாகப் போகப் போகத்தான் சோப்பு பிரிந்து அடியில் இறங்கும். ஆகவே வெயிலில் பிடித்துக் காட்டும் தெளிவு எதற்கும் அத்தாட்சி அல்ல. பத்து நிமிட ஓட்டமும் அப்படியே. மெதுவாக ஓடும் பழைய வகை என்ஜின் எதை ஊற்றினாலும் பத்து நிமிடம் ஓடத்தான் செய்யும்.

முதல் 40 லிட்டர் சிக்கலின்றி ஓடியது. நானும் ஊரெல்லாம் பெருமையடித்துக் கொண்டேன். இரண்டாவது தடவை தயாரித்ததை மூன்று வாரம் பீப்பாயில் வைத்திருந்து ஊற்றினேன். இரண்டாம் நாள் என்ஜின் மூச்சு வாங்க ஆரம்பித்தது, வெள்ளைப் புகை தள்ளியது, மூன்றாம் நாள் காலையில் எத்தனை முறை கைப்பிடியைச் சுற்றியும் பிடிக்கவில்லை. என்ஜினின் டீசல் பம்ப், டீசலைத் தெளிக்கும் நாசில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்து வடிகட்டியைக் கழற்றியபோது, உள்ளே பழுப்பு நிறத்தில் களிம்பு போல ஒன்று அப்பியிருந்தது. அவர் அதை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்து, வாய்க்கால் தண்ணீரில் நனைத்தார். நுரைத்தது. “தம்பி, நீ என்ஜினுக்கு டீசலா ஊற்றினாய், சோப்பா போட்டாய்?” என்று கேட்டார். நாசில் துளைகள் கரி பிடித்து அடைந்திருந்தன, பம்ப் எலிமென்ட் இறுகிப் போயிருந்தது, ரப்பர்க் குழாய் ஊறித் தடித்திருந்தது. ரப்பர்க் குழாயைப் பயோடீசலே, அதிலும் மெத்தனால் மிச்சமிருந்தால் இன்னும் வேகமாகக் கெடுக்கும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அவர் சொன்ன சோதனையை அங்கேயே செய்தோம். ஒரு பாட்டிலில் பாதி அந்த எண்ணெய், பாதி தண்ணீர் விட்டுப் பத்து நொடி பலமாகக் குலுக்கி வைத்தோம். நல்ல பயோடீசலாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகப் பிரிந்துவிட வேண்டும். என்னுடையது கெட்டி மோர் போல ஆகி, மறுநாள் காலை வரைக்கும் அப்படியே நின்றது. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் 47,800 ரூபாயில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த தூளில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். புசுபுசுவென்று பொங்கியது. மெக்னீசியம் சிலிகேட் எலுமிச்சைச் சாற்றுக்குப் பொங்காது. பொங்குவது சுண்ணாம்புக்கல் மாவு. வாசலில் கோலம் போட வேண்டியதை 4,500 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

அதன்பிறகு நடந்ததுதான் இன்னும் எரிச்சல். விற்றவரை முதல் முறை அழைத்தபோது “உங்கள் எண்ணெய் சரியில்லை அண்ணே” என்றார். பொரித்த எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும், அதை அளந்துதான் காஸ்டிக் அளவைத் தீர்மானிக்க வேண்டும், தவறினால் சோப்பு பெருகும் என்பது உண்மையே. ஆனால் எல்லா எண்ணெய்க்கும் ஒரே பொட்டலம் போதும் என்று கட்டிக் கொடுத்தவரே அவர்தானே. இரண்டாம் முறை ‘அண்ணே’ போய் ‘சார்’ வந்தது; தொழில்நுட்ப ஆள் பேசுவார் என்றார், யாரும் பேசவில்லை. மூன்றாம் முறை நேரில் போய் நின்றேன். பில் இருக்கிறதா என்று கேட்டார். பில் போட்டால் வரி சேரும் என்று சொல்லி ரொக்கமாக வாங்கியவர் கேட்கும் கேள்வி இது! புகார் கொடுப்பேன் என்று சொன்னதும் குரலைத் தாழ்த்தி, “தாராளமாகக் கொடுங்கள் சார். உரிமம் இல்லாமல் உங்கள் தோட்டத்தில் மெத்தனால் எப்படி வந்தது என்று கேட்பார்கள், அதற்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். கலவைத் திரவம் என்று சொல்லி அந்தக் கேன்களை என் வண்டியில் ஏற்றிவிட்டவரும் இவரே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே அதிகாரிகள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசாமல் திரும்பி வந்தேன். 47,800 ரூபாயைவிட அந்தப் பேச்சுத்தான் இன்னும் உறுத்துகிறது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. கழுவுவது கட்டாயம். கிளிசரினை இறக்கிய பிறகு வெந்நீரைப் பூவாகத் தூவி, அடியில் இறங்கும் பால் போன்ற தண்ணீரை எடுத்துவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று நான்கு முறை செய்யுங்கள். முதல் முறை கையால் கலக்காதீர்கள், மோராகிவிடும். கழுவியபின் ஈரம் போகச் சூடாக்கி உலர்த்துங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். விற்பனைக்கு வரும் பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15607, தனிக் கிளிசரின் 0.02 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கழுவாத எண்ணெய் அந்தப் பக்கமே நெருங்காது. தூள் விற்றால் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள். உரிமக் காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் மெத்தனாலைத் தொடாதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்காவது பேசலாம். கடை எண்ணெய் மிச்சமிருப்பவர்கள் அதை முறையாகச் சேகரிக்கும் நிறுவனங்களுக்கே விற்றுவிடலாம். என் மைத்துனர் இந்த மாதத்திலிருந்து அதைத்தான் செய்கிறார்.

பெரியவர் மாற்றிக் கொடுத்த நாசிலோடு என்ஜின் இன்று காலை பங்க் டீசலில் ஓடியது. கரும்புக்குப் பாதிதான் பாய்ந்திருக்கிறது, போய் மடை திருப்ப வேண்டும்.