ஷிகினெஜிமாவில் "தனிக் கடற்கரை கேம்பிங்" என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டாதீர்கள்

68,000 யென். நம்ம ஊர்க் காசுக்கு ஏறக்குறைய 40,000 ரூபாய். மொத்தமும் போச்சு. டோக்கியோவில் இருக்கிற நம் ஆட்கள் ஓபோன் விடுமுறைக்கு (ஆகஸ்ட் நடுவில் வருமே, அது) தீவுப் பக்கம் போகத் திட்டம் போட்டிருப்பீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஷிகினெஜிமா, டோக்கியோவுக்குத் தெற்கே கடலில் இருக்கும் இசுத் தீவுகளில் ஒன்று. நாலு சதுர கிலோமீட்டர்கூட வராது. டோக்கியோவின் தக்கேஷிபா துறையில் இரவுக் கப்பல் ஏறினால் மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில் தீவின் நொபுஷி துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். கேம்பிங், படகுச் சவாரி எல்லாம் முன்பதிவு செய்துதரும் ஒரு ஆன்லைன் தளத்தில்தான் விளம்பரம் பார்த்தேன். தொமாரி கடற்கரையில் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனி இடம், கூடாரம், படுக்கை, அடுப்பு, ராத்திரி பார்பிக்யூ, துறைமுகத்துக்கு வேன். நான், என் வீட்டுக்காரர், பையன், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தம்பி, நாலு பேருக்கும் சேர்த்து 68,000 யென். கப்பல் டிக்கெட் தனி.

எந்த இடத்தில் நம்பினேன் என்று சொல்லிவிடுகிறேன், விளம்பரம் போட்டவன் உங்களுக்கும் இதையேதான் செய்வான். அவனிடம் நிறையக் கேள்வி கேட்டேன். சலிக்காமல் பதில் போட்டான். "ஜினாதா வெந்நீர் ஊற்றுக்கு நேரம் பார்த்துப் போங்கள், ஊற்றுத் தண்ணீர் கொதிக்கும், கடல் தண்ணீர் கலந்தால்தான் உடம்பு தாங்கும், இரும்புச்சத்து அதிகம், வெளுத்த துணி போடாதீர்கள், கறையாகிவிடும்" என்றெல்லாம் எழுதினான். தீவு வரைபடத்தில் கையால் கோடு போட்டு எங்கள் கூடாரம் இருக்கும் இடத்தைக் காட்டினான். அலை அதிகமாக இருந்து கப்பல் தீவில் நிற்காமல் போனால் முழுப் பணமும் திருப்பித் தருவேன் என்று அவனாகவே சொன்னான். தம்பி படித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இவர் அங்கேயே பொறந்து வளர்ந்தவர் போல, தாராளமா கட்டலாம்" என்றான். அன்றைக்கே கட்டினோம்.

நொபுஷியில் இறங்கினால் வேன் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. "இன்னும் இருபது நிமிடம், வண்டி டயர் பிரச்சினை" என்று மெசேஜ் மட்டும் வந்தது. அப்புறம் இன்னொரு இருபது நிமிடம். நாங்கள் வந்த கப்பல் அடுத்த தீவான கோசுஷிமா வரை போய்விட்டு டோக்கியோவுக்குத் திரும்பும் வழியில் மறுபடி நொபுஷிக்கு வந்தது. அதில் ஏறியிருக்கலாம். "இதோ வந்துவிட்டேன்" என்ற அவன் பேச்சை நம்பி அதையும் விட்டோம். வெயிலில் பையன் முகம் சிவந்து வாந்தி எடுத்துவிட்டான்.

துறைமுகத்துச் சுற்றுலா அலுவலகத்தில் இருந்த அம்மா எங்கள் ரசீதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். தொமாரியில் யாருமே கூடாரம் போடக் கூடாதாம். இந்தத் தீவில் அதற்கென்று ஒதுக்கிய தளத்தில்தான் தங்கலாம், கோடையில் அது ஓவுரா என்ற இடம். இல்லாத இடத்தை எங்களுக்கு விற்றிருக்கிறான்! அவன் சொன்ன வெந்நீர் ஊற்று விவரம் எல்லாம் அங்கே சும்மா கொடுக்கிற வரைபடத்தில் அச்சடித்தே இருந்தது. மின்ஷுகு (வீட்டோடு நடத்தும் சின்ன விடுதி) ஒன்றில்கூட அறை காலி இல்லை. எங்களுக்காக ஒவ்வொரு வீடாகப் போன் பண்ணிக் கேட்டது அந்த அம்மாதான். கடைசியில் சாயங்கால அதிவேகக் கப்பலில் இடம் பிடித்துத் திரும்பினோம். அதற்கும் தனிச் செலவு.

இனி அந்த முன்பதிவுத் தளத்தின் லட்சணம். முதலில் "விசாரிக்கிறோம்" என்றார்கள். பிறகு "சேவை வழங்கப்பட்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார்" என்றார்கள். துறைமுகத்தில் நாங்கள் காத்துக் கிடந்த படம், அவன் மெசேஜ் எல்லாவற்றையும் அனுப்பினேன். "வானிலை காரணமாக இடம் மாறலாம் என்று விதிமுறையில் உள்ளது" என்று பதில். அன்றைக்கு வானம் பளிச்சென்று இருந்தது! பேச வேண்டும் என்றால் போன் நம்பரே கிடையாது, ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர், முதலிலிருந்து கதை சொல்லு. நேற்று "நல்லெண்ண அடிப்படையில்" 3,000 யென் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். நான் கட்டியது 68,000. விளம்பரம் இந்த நிமிடம் வரை அப்படியே இருக்கிறது, வேறு குடும்பம் மாட்டப்போகிறது. அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இது. இசுத் தீவுகளில் ஒதுக்கிய தளம் தவிர வேறு கடற்கரையில் கூடாரம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தந்தத் தீவின் சுற்றுலா அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பேக்கேஜ் விற்பவனிடம் பயண முகவர் பதிவு எண் கேளுங்கள், ஜப்பானில் அது இல்லாமல் விற்கக் கூடாது. ஓகாசவாரா தீவுகளில் கேம்பிங்குக்கே தடை, அங்கே என்று விளம்பரம் வந்தாலும் பொய்தான்.

ஏற்கெனவே கட்டியவர்கள் உடனே கார்டு கம்பெனியைக் கூப்பிட்டு ஆட்சேபம் பதியுங்கள். நுகர்வோர் உதவிக்கு 188. போலீஸ் ஆலோசனைக்கு #9110. இரண்டிலும் நான் சொல்லியாயிற்று. தொமாரி கடற்கரைப் படம் போட்ட இதே விளம்பரம் உங்களுக்கு வந்திருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.