ராத்திரியில் காணாமல் போகும் உப்பு

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள்: “குக்கீ மேலே தூவ அந்தச் செதில் உப்புதான் வேணுமா? வீட்டில் இருக்கிற உப்பைப் போட்டால் ஆகாதா?” இரண்டு வரியில் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று வருட எரிச்சல் சேர்ந்து இவ்வளவு நீளமாகிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாவில் கரைந்துவிட்டால் எந்த உப்பும் உப்புதான். செதில் உப்புக்குக் கொடுக்கும் காசு அதன் வடிவத்துக்கு. உள்ளே பொள்ளலாக, மெல்லிய சுவரோடு இருக்கும் கூம்பு அது. பல் பட்டதும் நொறுங்கும், ஒரு நொடி சுள்ளென்று கரிக்கும், மறைந்துவிடும். அதன் பின்னால் வரும் சாக்லேட் வழக்கத்தைவிட இனிப்பாகத் தெரியும். தூள் உப்போ சின்னச் சின்னக் கனசதுரம். மேலே தூவினால் எங்கும் ஒரே சீராகக் கரிக்குமே தவிர, அந்த ‘நறுக்’ வராது. இங்கிலாந்தில் மால்டன் என்ற ஊரில் 1882 முதல் இந்தக் கூம்புகளைக் காய்ச்சி எடுக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை. (என்னிடம் இருப்பது அந்த உப்பு அல்ல, வேறொன்று. பெயர் வேண்டாம்.)

இப்போது என் வயிற்றெரிச்சல். சாயங்காலம் சுட்ட குக்கீயை மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால், செதில் இருந்த இடத்தில் ஒரு ஈரப்பொட்டுதான் இருக்கும். உப்பைக் காணோம்! கரிப்பு மட்டும் உள்ளே இறங்கியிருக்கும். முதலில் ஓவன் சூட்டில் உருகிவிடுகிறது என்று நினைத்தேன். உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும், என் ஓவன் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. திருடன் தண்ணீர்தான். குக்கீயை இளஞ்சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே ஆவி தேங்கும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் சுத்தமான உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மக்னீசியம் கலந்த கடல் உப்பு அதற்கு முன்பே கசிந்துவிடும். ஆக, உப்பைத் திட்டிப் பயனில்லை, மூடியது நான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

கேரமல் இதைவிட மோசம், அதிலேயே நீர் இருக்கிறது. பரிமாறும்போது தூவினால்தான் உண்டு. இறுகிய சாக்லேட் மேல் மட்டும் கவலையில்லை, கொழுப்பில் உப்பு கரையாது. அதனால் இப்போதெல்லாம் ஆறிய குக்கீ மேல் உருக்கிய சாக்லேட் ஒரு துளி வைத்து, அதன் மேல் செதிலைப் பதிக்கிறேன். மூன்றாம் நாளும் நறுக்கென்று இருந்தது. இது தெரிந்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மாற்று உப்பு என்றால் எடை பார்க்காமல் இறங்காதே. பெட்டி தீர்ந்த ஒருநாள், ஒன்றரை டீஸ்பூன் செதிலுக்குப் பதிலாக அதே ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பை மாவில் கொட்டினேன். என் தராசில் தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம், செதில் மூன்றரைதான். ஐந்து கிராம் விழ வேண்டிய இடத்தில் ஒன்பது. அத்தனையும் குப்பைக்குப் போனது. கிராம் கணக்கில் போட்டால் மாவுக்குத் தூள் உப்பே தாராளம்.

மேலே தூவத்தான் சிக்கல். கல் உப்பை இடித்தால் பாதி தூள், பாதி பல்லைப் பதம் பார்க்கும் கல். பிரான்ஸின் கெராந்த் உப்பளங்களில் பாத்தியின் மேல் மிதக்கும் ஏட்டை வழித்தெடுப்பார்களே, அந்த ஃப்ளர் த செல்லை ஒருவர் கொஞ்சம் கொடுத்தார். நொறுங்கல் குறைவு, ஈரம் அதிகம், ஆனால் குக்கீ மேல் செதிலைவிடத் தாக்குப்பிடித்தது.

கடைசியில் நானே காய்ச்சினேன். 100 கிராம் தண்ணீரில் 36 கிராம் உப்பு கரையும். அந்த அளவில் கரைத்து, துணியில் வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் மிகக் குறைந்த தீயில் வைக்க வேண்டும். கொதிக்கவே கூடாது, கிளறவும் கூடாது. சில மணி நேரத்தில் மேலே குட்டிச் சதுரங்கள் மிதக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அமிழ, மேல் விளிம்பைச் சுற்றி உப்பு படிந்துகொண்டே வரும், தலைகீழ்க் கூம்பு தயார். எனக்குப் பாதி கூம்பு, பாதி கட்டி. ஆனாலும் சமையல்கட்டில் நின்று இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தது வேறு எதற்கும் இல்லை.

வாங்கிய பெட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்கு வெறும் பொடி. உப்புக்குச் சப்பாணியாகக் கிடக்கும் அதற்கும் சேர்த்துத்தான் காசு. இந்தக் கோபத்தில் அவளுக்கு எழுதினேன்: வாங்காதே, நீயே காய்ச்சிக்கொள்.

நேற்று எனக்குப் புதுப் பெட்டி வந்துவிட்டது. பழையதின் அடிப்பொடி வேண்டுமானால் அவளே எடுத்துக்கொள்ளட்டும். மாவில் கலக்க நன்றாகவே இருக்கும், எடை போட்டால்.