தனியாகச் சென்னைக்கு வருபவருக்கு எந்தப் புறநகர்? ஓ.எம்.ஆர்., வேளச்சேரி, தாம்பரம்

வேலை கிடைத்துச் சென்னைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் முகவரியை வைத்துத்தான் வீடு தேடத் தொடங்குகிறார்கள். குடும்பமாக வருகிறவர்களுக்கு அதில் பெரிய குறை வராது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரி என்று மற்ற கணக்குகளும் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். தனியாக வருகிறவருக்கு அப்படி நினைவூட்ட ஆள் இல்லை. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வாங்கி வரவோ, ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்து வரவோ, தண்ணீர் லாரி வரும் நேரத்தில் வீட்டில் இருக்கவோ யாரும் கிடையாது. அந்த வேலைகளில் பாதியையாவது குடியிருக்கும் பகுதியே செய்து தர வேண்டும். இங்கே மூன்று பகுதிகளையும் நான் அந்தக் கண்ணோடுதான் ஒப்பிடுகிறேன். ஆபீஸ் தூரமும் கணக்கில் உண்டு, ஆனால் முதல் இடத்தில் இல்லை. வேலை இரண்டு வருஷத்தில் மாறலாம், அதே கம்பெனியிலேயே வேறு கட்டடத்துக்கு அனுப்பலாம்.

முதலில் ஓ.எம்.ஆர்., அதாவது பழைய மகாபலிபுரம் சாலை. துரைப்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர், நாவலூர் வழியாகச் சிறுசேரி வரை நீளும் பகுதி. தனி ஆளுக்கு வீடு கொடுக்கத் தயங்காத இடம் என்றால் சென்னையிலேயே இதுதான். அடுக்குமாடிகளில் பல வீடுகள் முதலீட்டுக்காக வாங்கப்பட்டவை. உரிமையாளர் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருப்பார். வாடகை தேதி தவறாமல் வந்தால் அவருக்குப் போதும். வாசலில் செக்யூரிட்டி, லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும். மூன்று படுக்கையறை வீட்டில் ஒரு அறையை மட்டும் எடுத்துக்கொண்டு சக ஊழியர்களோடு தங்கும் பழக்கமும் இங்கே சாதாரணம். நைட் ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வந்தாலும் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

ஆனால் இங்கே ரயில் கிடையாது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் – சிறுசேரி சிப்காட் வழித்தடம் இந்தச் சாலை வழியாகத்தான் வர இருக்கிறது. அதுவரை 102, 19, 570 போன்ற பஸ்கள், அவை கிடைக்காத நேரத்தில் ஆட்டோ, பைக் டாக்ஸி. சொந்த வண்டி இல்லாதவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தி.நகர் போய்வருவதே பாதி நாள் வேலை. தண்ணீரும் இங்கே பழைய தலைவலி. பல அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பி இருக்கின்றன, அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணமாக உங்கள் தலையில் வரும். வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வீட்டைப் பிடிக்காதீர்கள். பராமரிப்பு எவ்வளவு, தண்ணீர் அதில் அடக்கமா, கோடையில் அது ஏறுமா என்று மூன்றையும் கேளுங்கள்.

இன்னொன்று, இது என் அபிப்பிராயம். ஓ.எம்.ஆரில் எதிர்வீட்டுக்காரர் யாரென்றே தெரியாமல் வருஷக்கணக்கில் இருக்க முடியும். சிலருக்கு அந்தத் தனிமை பிடிக்கும். ஊரை விட்டு முதல்முறை வருகிறவருக்கு, உடம்பு முடியாமல் போகும் அன்று அது பெரிய பாரமாகத் தெரியும்.

அடுத்தது வேளச்சேரி, அதன் தெற்கே பள்ளிக்கரணை, மேடவாக்கம். வரைபடத்தை வைத்துப் பார்த்தால் இதைவிட நல்ல இடம் கிடையாது. கிண்டி பக்கம், தரமணி பக்கம், ஓ.எம்.ஆர். பக்கம், தாம்பரத்துக்கும் நேர்ச்சாலை. விஜயநகர் பஸ் நிலையத்திலிருந்து நகரின் எல்லாத் திசைக்கும் வண்டி உண்டு. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தூண்களின் மேல் வரும் பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரி வரை நீண்டது. திருவான்மியூர், மயிலாப்பூர், சேப்பாக்கம் போகிறவர்களுக்கு அது வரம். கடைகள், மெஸ், ஜிம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் விடுதிகள் என்று தனி ஆளுக்கு வேண்டியதெல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும். அதற்கேற்ற வாடகையும் உண்டு. அதே பணத்துக்குத் தாம்பரம் பக்கத்தில் இன்னும் ஒரு அறை சேர்த்துக் கிடைக்கும்.

பறக்கும் ரயில் நிலையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டிய கட்டடங்கள் அவை. கூட்டம் குறைந்ததும் நீளமான நடைபாதைகளும் படிக்கட்டுகளும் வெறிச்சோடிவிடும். உங்கள் வேலை ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் முடியும் என்றால், அந்த நேரத்தில் ஒரு தடவை தனியாக இறங்கி வெளியே வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேடவாக்கத்தில் வாடகை இறங்கும், ரயிலும் போய்விடும். மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ தடம் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் வழியாக வர இருப்பதால் நாளைக்கு நல்ல இடமாகலாம். வாடகைக்கு வருகிறவர் நாளைய மெட்ரோவுக்காக இன்றைக்குப் பணம் கட்டவேண்டிய அவசியமில்லை.

வேளச்சேரியில் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி மழை. இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் புரோக்கர் எவரும் தானாகச் சொல்ல மாட்டார். தென்சென்னைப் புறநகரின் ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து கடலுக்குப் போக வேண்டும். சதுப்புநிலத்தின் பெரும்பகுதி கட்டடமாகவும் சாலையாகவும் குப்பைக்கிடங்காகவும் ஆகிவிட்டது. மிஞ்சியதை 2022-ல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். தண்ணீருக்குப் பழைய வழி இன்னும் மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. 2023-ல் சில தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. குடும்பம் என்றால் ஒருவர் பாலுக்குப் போவார், ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்வார். தனியாக இருப்பவருக்குச் சார்ஜ் தீர்ந்த போனும் கேன் தண்ணீரும்தான் துணை.

இதற்காகத் தாம்பரம் பக்கம் மழைக்குப் பயமில்லாத இடம் என்று சொல்லிவிட முடியாது. மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் இரண்டும் அடையாற்றின் வெள்ளப் பாதையில் இருக்கின்றன. 2015-ல் அங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதைச் சென்னைக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஓ.எம்.ஆரிலும் செம்மஞ்சேரிக்கு ஒவ்வொரு பெருமழையும் சோதனைதான். ஆகவே பகுதியின் பெயரைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது சரிப்படாது, தெருவைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்காமல் தெருமுனைப் பெட்டிக்கடையிலும் இஸ்திரி போடுகிறவரிடமும் கேளுங்கள். "2015-ல எவ்வளவு தண்ணி நின்னுச்சு? 2023-ல?" என்று வருஷத்தைச் சொல்லியே கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் பதில் வரும். சுவரில் பழைய ஈரக்கோடு இருக்கிறதா, வாசல்படி சாலையைவிட உயரமா, பைக் நிறுத்தும் இடம் பள்ளமா என்று நீங்களே பாருங்கள். எந்தப் பகுதியானாலும் தரைத்தளம் வேண்டாம்.

இப்போது குரோம்பேட்டையும் தாம்பரமும். என் ஓட்டு இங்கேதான். முக்கியக் காரணம் ரயில். கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இத்தனை காலம் ரயிலை ஒட்டி வளர்ந்ததால் ஸ்டேஷனைச் சுற்றியே கடைவீதி, மருந்துக்கடை, மெஸ், டிபன் கடை எல்லாம் அமைந்திருக்கின்றன. ராத்திரி கடைசி வண்டிகளில் இறங்கினாலும் கூடவே பத்துப் பேர் இறங்குவார்கள், வெளியே பூக்கடையோ டீக்கடையோ திறந்திருக்கும். தனியாக வீடு திரும்புகிறவருக்கு அந்த வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கேமராவைவிடப் பெரிய பாதுகாப்பு. குரோம்பேட்டையிலிருந்து கிண்டி இருபது நிமிஷத்து வழி. கிண்டியிலும் பரங்கிமலையிலும் மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். மாத சீசன் டிக்கெட்டின் விலை, ஆட்டோவில் ஓரிரு தடவை போகிற செலவுக்குள் அடங்கிவிடும்.

தெற்கு மாவட்டத்துக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு லாபம். நெல்லை, பாண்டியன் ரயில்கள் எல்லாம் தாம்பரத்தில் நிற்கின்றன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபிறகு தென்மாவட்ட பஸ்களும் இந்தப் பக்கத்திலிருந்தே கிளம்புகின்றன. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால், ஓ.எம்.ஆரில் இருப்பவர் கிளாம்பாக்கம் வந்து சேர்வதற்குள் தாம்பரத்தில் இருப்பவர் செங்கல்பட்டைத் தாண்டியிருப்பார். தனியாக இருப்பவர்களுக்கு ஊர் எவ்வளவு முக்கியம் என்பது முதல் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

உடம்புக்கு வந்தால் குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குக் கிண்டியில் 2023-ல் திறந்த அரசு பல்நோக்கு மருத்துவமனைக்கு ரயிலிலேயே போகலாம். பெண்களுக்கு ரயிலில் தனிப்பெட்டி, சாதாரண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து இலவசப் பயணம், தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் அரசின் தோழி விடுதி. முதல் சில மாதங்கள் அப்படி ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு நிதானமாக வீடு பார்ப்பது நல்ல வழி.

குறைகளும் உண்டு. காலை எட்டரை மணி ரயிலில் ஏறுவது சுலபமில்லை. ஜி.எஸ்.டி. சாலை என்கிற நெடுஞ்சாலையைக் கடப்பது ஒரு பெரும்பாடு. தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆனபிறகும் பாதாளச் சாக்கடை வராத தெருக்கள் இருக்கின்றன. அங்கே செப்டிக் டேங்க் லாரிதான். நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது, குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, "ஃபேமிலிக்கு மட்டும்" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இங்கேதான் அதிகம். யார், எந்த ஊர், என்ன ஆட்கள், வீட்டில் கறி சமைப்பீர்களா என்று விசாரணை நடக்கும். சில கேள்விகள் கேட்கவே கூடாதவை. அதில் சங்கடப்பட்டு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, அடுத்த வீட்டைப் பார்க்கலாம். கீழே வீட்டுக்காரர், மேலே ஒரு போர்ஷன் என்று நல்லவர் ஒருவர் அமைந்துவிட்டால், இரண்டு நாள் கதவு திறக்கவில்லை என்றால் வந்து தட்டிப் பார்ப்பார்கள். ஓ.எம்.ஆர். செக்யூரிட்டி அதைச் செய்ய மாட்டார்.

அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் வேலையென்றால் இந்த மூன்றையும் விட்டுவிட்டுச் சென்ட்ரல் – அரக்கோணம் தடத்திலேயே வீடு பாருங்கள். அங்கும் ரயில், அங்கும் பழைய கடைத்தெரு, வாடகையும் கையைக் கடிக்காது. தாம்பரத்துக்குச் சொன்னதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

சிறுசேரியில் நைட் ஷிஃப்ட் என்றால் மட்டும் நான் ஓ.எம்.ஆர். என்பேன். அதிலும் முதலில் விடுதி, பிறகு வீடு. தரமணி, திருவான்மியூரில் பகல் வேலை, கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது என்றால் வேளச்சேரியில் மேடான தெருவாகப் பார்த்து இரண்டாவது மாடி. மற்ற எல்லாருக்கும் குரோம்பேட்டை அல்லது கிழக்குத் தாம்பரம், ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிஷம் நடக்கிற தூரத்துக்குள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் வரை போனால் வாடகை குறையும், ஆனால் ராத்திரியில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டிவரும். அந்த இரண்டாயிரம் ரூபாய் மிச்சத்துக்காக நடக்கிற தூரத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வீடு பிடித்துவிட்டால் முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யவும் சொல்கிறது. சட்டத்தைச் சொல்லிச் சண்டைக்கு நிற்க வேண்டாம், ஆனால் மூன்றிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். அப்புறம் மின்சாரம். உங்கள் போர்ஷனுக்குத் தனி ஈ.பி. மீட்டரா, இல்லை வீட்டுக்காரர் வைத்த துணை மீட்டரா என்று பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஏ.சி. இல்லாமல் தனி ஆள் இருக்கும் வீட்டில் பில் மிகக் குறைவாகவே வரும். துணை மீட்டர் என்றால் அந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேராது, யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்லும் விலைதான். அந்த விலை எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.